வெறுங்காலில் செருப்புச் சத்தம்

அவள் காலில் செருப்பு இல்லை. ஆனாலும் சமையலறையிலிருந்து கூடத்துக்கு வரும்போது, நேற்று வாங்கிய தோல் செருப்பைப் போட்டுக்கொண்டு யாரோ பின்னால் நடந்து வருவதுபோல் கிறீச் என்று ஒரு சத்தம் கேட்டது. நின்றாள். சத்தமும் நின்றது. கையிலிருந்த டீ டம்ளரிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. குளியலறையில் அப்பா வாய் கொப்பளித்தார். பக்கத்து வீட்டுக் குக்கர் ஒரு தடவை சீறிவிட்டு அடங்கியது. எல்லாம் தினமும் கேட்கிற காலைச் சத்தங்கள்தான். ஓர் அடி வைத்தாள். கிறீச். இன்னோர் அடி. கிறீச். திரும்பிப் பார்த்தபோது கூடம் காலியாக இருந்தது. சிமெண்டுத் தரையில் அவளுடைய ஈரக் கால்களின் தடம் மட்டும் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது.

அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் எப்போதிலிருந்து என்று கேட்பார். என்ன சாப்பிட்டாய், என்ன மாத்திரை போட்டாய் என்று கேட்பார். மாத்திரை என்கிற சொல்லை நினைத்தவுடனேயே அவளுக்குக் காது மடல் சூடானது. டீயை வைத்துவிட்டு, விரல் நுனியில் நடந்து அறைக்குள் போனாள்.

பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவள் அவள். ஆறு வருடங்களாக மேட்டுத் தெருவின் அடியில் இருக்கும் மருந்துக் கடையில் வேலை. வாடிக்கையாளர்கள் அவளை டாக்டரம்மா என்று கூப்பிடுவார்கள். சிலர் பிரியமாக, சிலர் குறும்பாக.

"டாக்டரம்மா, ராத்திரியெல்லாம் இருமல். ஏதாவது குடுத்து எங்க வீட்டுக்காரரைத் தூங்க வைங்க."

"காய்ச்சல் இருக்காக்கா?"

"அவருக்கு இல்ல. எனக்குத்தான் வந்துடும் போல."

அவள் சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டு மாத்திரை அட்டையைக் கத்தரிப்பாள். நாலு மாத்திரை கேட்டால் நாலு. அட்டையில் பெயர் எந்தப் பக்கம் போகிறது, தேதி எந்தப் பக்கம் போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. வெட்டிய துண்டைப் பொட்டலமாக மடிக்க அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு மருந்துப் பெட்டிக்குள்ளும் எட்டாக மடித்த ஒரு விவரத் தாள் வரும். மெல்லிய தாள், நன்றாக மடங்கும். காலையில் கடை திறந்ததும் அவளுடைய முதல் வேலை, புதுப் பெட்டிகளைப் பிரித்து அந்தத் தாள்களை உருவி, குறுக்காக இரண்டாக வெட்டி, கல்லாவுக்குப் பக்கத்தில் அடுக்கிவைப்பது. சர்க்கரை மாத்திரை வாங்கியவர் தோல் களிம்பின் எச்சரிக்கையில் பாதியைக் கொண்டுபோவார். இருமலுக்கு வந்தவர் இதய மருந்தின் மறுபாதியை. யாரும் படித்ததில்லை. அவளும் படித்ததில்லை. அந்தப் பொடி எழுத்துகளெல்லாம் பள்ளிக்கூடத்தில் அவளைத் தோற்கடித்த அதே ஆங்கிலத்தில் இருந்தன.

கடையில் கழிப்பறை கிடையாது. காலையிலிருந்து மாலைவரை தண்ணீர் குடிக்காமல், வந்ததை அடக்கிக்கொண்டு நிற்பாள். நீர்க்கடுப்பு வந்தபோது மாடியிலிருந்த கிளினிக்குக்குப் போக அவளால் முடியவில்லை. அங்கே சீட்டு எழுதுகிறவர், "நீர்க்கடுப்பு யாருப்பா, உள்ள போ" என்று படிக்கட்டுவரை கேட்கக் கத்துவார். அதற்கு என்ன மாத்திரை எழுதுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். பெயர்கள் வேறு வேறாக இருந்தாலும் எல்லாப் பெயருக்கும் ஒரே வால் இருக்கும் அந்த மாத்திரைக் குடும்பம். நீளமாக, வெள்ளையாக, தொண்டையில் சற்று நின்று இறங்கும். முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் ஓர் அட்டையை எடுத்தாள். இரண்டே நாளில் எரிச்சல் விளக்கை அணைத்தாற்போல் அடங்கியது. திரும்பி வந்தபோது திரும்ப எடுத்தாள். பிறகு, வராமல் இருக்கட்டும் என்று, நிறுத்தவே இல்லை.

அப்பா கேட்டது மூன்று வாரத்துக்கு முன்னால். சாப்பிடும்போது சுவரைப் பார்த்தபடி கேட்டார்.

"பாப்பா, உங்க கடையில... இந்த உள்சூட்டுக்கு ஏதாவது இருக்கா?"

நீர்க்கடுப்பைத்தான் சொல்கிறார் என்று புரிந்து, அவளும் சுவரைத்தான் பார்த்தாள். அம்மா போனபிறகு அந்த வீட்டில் உடம்பைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை. "இருக்குப்பா" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. இரண்டு வருடமாக மூச்சிளைப்புக்காக அவர் போட்டுவரும் சின்ன ஸ்டீராய்டு மாத்திரையை மாதாமாதம் வாங்கி வருபவளும் அவள்தான். அந்த டப்பாவுக்குள்ளேயே இந்த நீள மாத்திரையையும் போட்டுவைத்தாள். நாலாம் நாள் அப்பா, "டாக்டரம்மான்னு சும்மாவா சொல்றாங்க" என்றார். அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அறுபத்திரண்டு வயது. பதினாறு பிள்ளைகள். அவர் வேனைச் சைக்கிள்கள் முந்தும். பிள்ளைகள் அவருக்கு ஆமைத் தாத்தா என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"தாத்தா, பால்காரர்கூட முந்திட்டாரு."

"போகட்டும்டா. பால் திரிஞ்சிடும், அவருக்கு அவசரம். நீங்க திரிய மாட்டீங்க."

பிள்ளைகளின் அம்மாக்கள் வேறு வேனில் அனுப்ப மாட்டார்கள்.

சத்தம் அவளை விடவில்லை. கடைக்கு நடக்கும்போது, தெருவில் வேறு காலடிகளும் வண்டிகளும் இருந்ததால், அது கூட்டத்துக்குள் ஒளிந்துகொண்டது. ஆனால் சந்துக்குள் திரும்பியதும், சுவர்கள் இரண்டும் நெருங்கி வந்ததும், மறுபடி பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. உள்ளங்காலில் எறும்பு ஊர்ந்தது. குனிந்து பார்த்தால் எறும்பு இல்லை. வெயில் பட்ட கைகள், யாரோ அறைந்ததுபோல் சிவந்து காந்தின. தூக்கம் துண்டு துண்டாக வந்தது. கண்ணை மூடினால் ஒரே நினைப்பு. பின்னால் வருகிறவருக்கு எல்லாம் தெரியும். முதலாளி இல்லாத நேரத்தில் அவள் கை எந்தத் தட்டுக்குப் போனது என்று தெரியும். எதற்காகப் போனது என்றும் தெரியும். அவர் ஒன்றும் செய்யமாட்டார். நடந்து வருவார். ஊருக்கே கேட்கும்படி ஒருநாள் சொல்லிவிடுவார்.

அதனால் நடப்பதைக் குறைத்தாள். அவள் நடக்காவிட்டால் சத்தம் இல்லை. அதைக் கண்டுபிடித்ததில் அவளுக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். விளக்குப் போடுவதற்கு முந்தைய நேரம். கட்டில்மேல் கால்களை மடித்து உட்கார்ந்து, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலில் வெளிச்சம் சாம்பல் நிறத்துக்கு மாறி, அலமாரியின் நிழலும் சுவரின் நிழலும் ஒன்றாகிக்கொண்டிருந்தன. துணியிலிருந்து சோப்பும் வெயிலும் கலந்த வாசனை வந்தது. அவள் கால்கள் அசையவில்லை.

கிறீச்.

கூடத்தில்.

மடித்த துண்டு கையிலேயே நின்றது. தன் கால்களைப் பார்த்தாள். அவை போர்வைமேல் இருந்தன.

கிறீச். சற்று நேரம் எதுவும் இல்லை. கிறீச். கனமான, இழுத்து வைக்கிற அடி. சமையலறையைத் தாண்டியது. அம்மா படத்தைத் தாண்டியது. இப்போது அதற்கு முன்னால் நடக்க ஆள் தேவைப்படவில்லை. தானாகவே வந்தது. கதவின் திரைக்கு வெளியே நின்றது. திரைக்குக் கீழே, தரைக்கும் துணிக்கும் நடுவில், இரண்டு பாதங்கள். செருப்பு இல்லை.

"பாப்பா."

மூச்சை விட அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.

"லைட்டுகூடப் போடாம என்ன பண்ற?" அப்பா திரையை விலக்கி ஸ்விட்சைத் தட்டினார். திரும்பி நடந்தார். கிறீச், கிறீச். வலது குதிகாலுக்கு மேலிருந்து. அங்கே தோல் பளபளவென்று வீங்கியிருந்தது.

பின்னால் வந்தது யாருமில்லை. இருவர் காலுக்குள்ளும் இருந்தது. இருவரும் விழுங்கியது அந்த நீள மாத்திரை ஒன்றைத்தான்.

மறுநாள் காலை கடையில் தாள் அடுக்கைப் புரட்டினாள். அந்த வாலுள்ள பெயரைத் தேடினாள். கிடைத்தது மேல்பாதி. முதலாளி ஷட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தாள். வயிறு தெரிந்தது. தூக்கம் தெரிந்தது. வெயில் தெரிந்தது. தடித்த எழுத்தில் ஒரு சொல் மட்டும் தெரியவில்லை. அதற்குப் பக்கத்தில் குதிகால் என்று இருந்தது.

"அண்ணா, இது என்ன வார்த்தை?"

முதலாளி கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தார். "இதுவா? குதிகாலுக்கு மேல பின்னால கயிறு மாதிரி ஒன்னு விறைச்சு நிக்கும்ல, தொட்டுப் பாரு, அது. சில பேருக்கு இந்த மாத்திரையால அது நைஞ்சு போகும்னு போட்டிருக்கான்." அவளைப் பார்த்தார். "யாருக்காவது டாக்டர் சீட்டு இல்லாம குடுத்தியா?"

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது. எடுத்ததைச் சொல்ல வேண்டும். எதற்கு என்று சொல்ல வேண்டும். அப்பாவுக்கு எதற்கு என்றும் சொல்ல வேண்டும்.

"இல்லண்ணா. சும்மா பார்த்தேன்."

"டாக்டரம்மா படிக்க ஆரம்பிச்சாச்சு. இனி நான் வீட்ல உட்கார்ந்துக்கலாம்."

அவர் நகர்ந்தபிறகு கடைசி வரிக்கு வந்தாள். குதிகாலில் வலியோ வீக்கமோ சத்தமோ இருந்தால் உடனே மாத்திரையை நிறுத்தவும், அத்துடன் என்று இருந்தது. அதற்குப் பிறகு கத்தரிக்கோல் போன கோடு. கீழ்ப்பாதி எந்தப் பொட்டலமாக யார் வீட்டுக்குப் போயிற்றோ. நிறுத்தவும் என்று இருக்கிறதே, அது போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று மாலை டப்பாவிலிருந்து நீள மாத்திரைகளை எடுத்து, தன்னுடையதையும் சேர்த்து, சாக்கடையில் போட்டாள். அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் டப்பாவைக் குலுக்கிப் பார்த்தார்.

"பெருசு எங்க பாப்பா?"

"போதும்பா. கோர்ஸ் முடிஞ்சிடுச்சு."

"நல்லதாப் போச்சு. விழுங்குறதுக்குள்ள உயிர் போகுது." குனிந்து வலது குதிகாலைத் தேய்த்தார். "இதுக்கு ஒரு தைலம் கொண்டு வா. பிரேக் கால் பாரு, மேட்டுத் தெருவுல இறங்கும்போது சுருக்குங்குது."

"நாளைக்கு லீவு போடேன்பா."

"எதுக்கு?"

சுவரைப் பார்த்தாள். ஒரே ஒரு வரி. நான் கொடுத்த மாத்திரைதான்பா. தொண்டைவரை வந்து, அந்த மாத்திரையைப் போலவே அங்கே நின்றது.

"சும்மாதான்."

"பதினாறு வீட்டு வாசல்ல பிள்ளைங்க நிக்கும். சும்மா லீவு போட முடியுமா?"

செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்குப் புதுப் பெட்டிகள் வந்து இறங்கின. இரண்டாவது பெட்டியிலேயே அந்தப் பெயர் இருந்தது. தாளை உருவினாள். முழுத் தாள். கத்தரிக்கோலை வைத்துவிட்டு, விரலை நடுமடிப்புக்குக் கொண்டுபோய், எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

அத்துடன், காலுக்கு முழு ஓய்வு கொடுத்து மருத்துவரைப் பார்க்கவும். காலை ஊன்றி அழுத்தக் கூடாது. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு ஆபத்து அதிகம். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு மிக அதிகம். மாத்திரையை நிறுத்திப் பல வாரங்கள் கழித்தும் திடீரென்று அறுந்துபோகலாம்.

இரண்டாம் தடவை படிக்கவில்லை. சுவர்க் கடிகாரம் மூன்று நாற்பது. பள்ளி விட்டிருக்கும். அப்பாவுக்குப் போன் செய்தாள். மணி அடித்தது. அடித்து ஓய்ந்தது. வேனில் ஏறியதும் போனைப் பெட்டிக்குள் வைத்துவிடுவார். ஓட்டும்போது எடுக்கவே மாட்டார்; அதற்காகவும்தான் அவரிடம் பிள்ளைகளை அனுப்புகிறார்கள்.

பள்ளி அலுவலக எண் கடைச் சுவரிலேயே எழுதியிருந்தது.

"சொல்லுங்க" என்றது ஒரு பெண் குரல். பின்னால் மணிச் சத்தம், பிள்ளைகளின் இரைச்சல்.

"மேடம், வேன் ஓட்டுற... ஆமைத் தாத்தா... அவரை இன்னைக்கு ஓட்ட வேணாம்னு சொல்லணும்."

"நீங்க யாரு? என்ன விஷயம்?"

"அவர் கால்..."

"காலுக்கு என்னம்மா? நல்லாத்தானே இருந்தாரு. என்ன ஆச்சு, தெளிவாச் சொல்லுங்க."

கடையில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். முதலாளி நிமிர்ந்து பார்த்தார். இருமல்காரரின் மனைவி பார்த்தாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்கச் சூடு பரவியது. பிள்ளைகள் எல்லோரும் ஏறிவிட்டார்களா என்று மட்டுமாவது கேட்டிருக்கலாம்.

"ஒன்னுமில்ல மேடம்."

வைத்துவிட்டாள்.

தன் கை அதைச் செய்ததை அவள் பார்த்தாள். பிறகு ஓடினாள்.

மேட்டுத் தெரு செங்குத்தாக ஏறியது. வெயில் முகத்தில் அறைந்தது. தார் உருகும் வாசனை. கிறீச் கிறீச் கிறீச். முதலாளி பின்னாலிருந்து கூப்பிட்டார். திரும்பவில்லை. தையல் கடை. பூட்டிய கேட். நாய் ஒன்று எழுந்து நின்றது. மூச்சு. கிறீச். இன்னும் கொஞ்சம். வளைவில் வேனின் கூரை தெரிந்தது.

யாரோ பின்னாலிருந்து உதைத்தார்கள்.

வலது குதிகாலில். ஓங்கி. டப் என்று சத்தம்கூடக் கேட்டது. யார் என்று கோபத்தோடு திரும்பினாள். தெரு காலியாக இருந்தது. நாய் அதே இடத்தில் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. கால் ஊன்றப் போனாள். கால் இல்லை. பாதம் இருந்தது; அவளுடையதாக இல்லை. நடுத்தெருவில் முட்டி மடங்கி விழுந்தாள்.

வேன் வளைவைத் திரும்பி இறங்கியது. மெதுவாக. எப்போதும்போல. ஜன்னல்களில் தலைகள். ஒரு சிறுமி கையை வெளியே நீட்டிக் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் கையைத் தூக்கினாள். நிறுத்தாதே என்று சொல்லவா, நிறுத்து என்று சொல்லவா. எழ முயன்றாள். முடியவில்லை. பத்து வீட்டுத் தூரம்.

அப்பா அவளைப் பார்த்தார். கண்கள் விரிந்தன. பாப்பா என்று வாய் அசைந்தது. உடம்பு முழுவதையும் இருக்கையில் பின்னுக்குச் சாய்த்து, நடுத்தெருவில் கிடக்கும் தன் மகளுக்காக, வலது காலை ஊன்றி அழுத்தினார்.

அழுத்தியதும் அவர் முகம் மாறியது. வலி இல்லை அதில். கோபம். யாரோ விளையாட்டாகச் செய்துவிட்டதற்கு வருகிற சின்னக் கோபம். தெருவிலிருந்து பார்வையை எடுத்து, தோளுக்கு மேல், மெதுவாக, பின்னால் திரும்பினார்.

வேன் வேகமெடுத்தது.

அப்பா இருக்கை இருக்கையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் பதினாறு பேரும், நான் இல்லை தாத்தா, நான் இல்லை என்று, தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.